6 மி.மீ. வீரர்களுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா?

1815 வாட்டர்லூ போரை மேசைமேல் ஆட, 6 மி.மீ. உயர உலோக வீரர்களை வாங்கியாயிற்று. அடித்த பெயின்ட் உரிகிறதா? படை மொத்தமும் கறுப்புத் திட்டாகத் தெரிகிறதா? இப்படிச் செய்து பாருங்கள்.

1. சோப்பு நீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அச்சின் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

2. ஐஸ்கிரீம் குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தை வரிசை முழுவதும் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம்.

3. கறுப்பு பிரைமர் அடியுங்கள். தூரிகை எட்டாத இடுக்கு நிழலாக நின்றுவிடும்.

4. உண்மைச் சீருடையைவிட ஒரு படி வெளிர்நிறம் எடுங்கள். பிரெஞ்சுக் காலாட்படையின் கருநீலத்தை அப்படியே பூசினால், இரண்டடி தள்ளி நின்று பார்க்கக் கறுப்பாகிவிடும். கண், மீசை, பொத்தான் வேண்டவே வேண்டாம். முகம், துப்பாக்கி, மார்பில் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை போதும். அந்த வெள்ளைக் கோடுதான் படைக்கு உயிர், அவசரப்படாமல் இழுங்கள்.

5. முடிவில் மேட் வார்னிஷ். மழைநாளில் ஸ்ப்ரே கூடாது, ஈரக்காற்றில் வெளுத்துப்போகும்.

6. பழைய உலோக வீரர்களில் ஈயம் கலந்திருக்கலாம். கையைச் சோப்பால் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். சிறுபிள்ளைகளுக்கு எட்டும்படி வைக்கவும் வேண்டாம்.