பழைய புல்லட்டின் டைமிங்: எதை மாற்றுவது, எதை விடுவது

காரைக்காலில் பொறியியல், பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்து 350 புல்லட் மேல் மோகம் வந்திருக்கிறது. வண்டி மக்கர் செய்தால் நண்பன் பேச்சைக் கேட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்குகிறார்கள். இல்லாவிட்டால் "இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்துடு" என்று அப்பா நெருக்குகிறார். கோளாறு பெரும்பாலும் சிபி (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்டில்தான் இருக்கும்.

கிக்கர் காலைத் திருப்பி அடித்தால், பாலம் ஏறும்போது நாக்கிங் கேட்டால், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முந்தியிருக்கிறது. இழுவை குறைந்து இன்ஜின் கொதித்தால் பிந்தியிருக்கிறது. நான் அதிகம் பார்ப்பது பிந்துவதைத்தான். பாயிண்டின் குதிகால் கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். நம் உப்புக்காற்று பாயிண்ட் முகத்தையும் எர்த் இணைப்பையும் அரிப்பது தனி.

பாயிண்டைச் சுத்தம் செய்வதும், முகம் கருகியிருந்தால் கண்டன்சரோடு சேர்த்து மாற்றுவதும் எல்லோரும் அறிந்தவை. வரிசைதான் முக்கியம். முதலில் இடைவெளி, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. பிறகுதான் டைமிங், இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகர்ந்துவிடும். கம்ப்ரஷன் அடியில் பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். சாவியைப் போட்டு ஆம்மீட்டரைப் பாருங்கள்: மைனஸ் பக்கம் சாய்ந்த முள் பூஜ்யத்துக்குத் திரும்பினால் பாயிண்ட் திறந்துவிட்டது.

இனி அந்த கிட். அதை மாட்டினால் எல்லாம் தீரும் என்று நம்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். பல கிட்களில் பழைய அட்வான்ஸ் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அப்படியே வேலை செய்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கிட்டின் புதுப் பெட்டியை மாட்டியும் டைமிங் அலையும். டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்து தண்டு ஆடினாலும் அதே கதை. சார்ஜிங் பலவீனமான வண்டியில் வோல்ட் இறங்கினால் பெட்டி தடுமாறும். பாயிண்ட் மெல்ல மெல்ல, அறிகுறி காட்டித்தான் கெடும். பெட்டி போனால் திருநள்ளாறு சாலையோரத்தில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது. புஷ்ஷும் சார்ஜிங்கும் சரியாக இருந்து, தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குக் கிட் பயன்படும். மற்றபடி, கையால் தொட்டுச் சரிசெய்யும் பாயிண்டுக்கே நான் கட்சி. அதில்தான் நானும் தொழில் கற்றேன்.

டைமிங் வைக்கும் வேலையில் சிலருக்குக் காது கூர்மை, சிலருக்குக் கை நிதானம். எது தனக்கு வரும் என்பது ஒரு மாலை பொறுமையாக உட்கார்ந்தால்தான் தெரியும். முதல் தடவை முள் ஏமாற்றும். மறுபடி பின்சக்கரத்தைச் சுழற்றி உச்சியைத் தேடுங்கள். அவசரக்காரர் கைக்கு இந்த வேலை வசப்படாது. தேர்வு மதிப்பெண்ணோ அப்பாவின் அவசரமோ இங்கே உதவாது.

ஃபீலர் கேஜ், ஒரு ஜோடி பாயிண்ட், ஒரு கண்டன்சர் டூல்பாக்ஸில் இருக்கட்டும். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்கப் பாயிண்டோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் கிட் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.