மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். ஊசலின் நீளம் 1 மீட்டர், அலைவு நேரம் 2 வினாடி என்று கொள்வோம். இவ்விரு எண்களையும் கணிப்பொறியில் இரண்டு வெவ்வேறு நிரல்களுக்குக் கொடுக்கிறோம். ஒன்று 9.87 என்கிறது, மற்றொன்று 9.86 என்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

நிரலின் வரிகளைப் பார்க்க முடிந்தால் விடை உடனே கிடைத்துவிடும். இரண்டாம் நிரலை எழுதியவர் 'பை'யின் மதிப்பை 3.14 என்று சுருக்கிவிட்டார், அவ்வளவுதான். வரிகளைப் பார்க்க முடியாவிட்டால்?

மூல நிரல் என்பது என்ன?

மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதப்படுவது மூல நிரல். கணிப்பொறி இயக்குவதோ 0, 1 என்னும் இரண்டு குறிகளாலான எந்திர மொழியை. மூல நிரலை எந்திர மொழியாக மாற்றுவது எளிது. எந்திர மொழியிலிருந்து மூல நிரலைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். வெந்த இட்லியைப் பார்த்து, அரிசியும் உளுந்தும் எந்த விகிதத்தில் போடப்பட்டன என்று சொல்வது போன்றது அது.

எந்திர மொழி வடிவத்தை மட்டும் கொடுத்து, மூல நிரலை உரிமையாளர் தம்மிடமே வைத்துக்கொள்வது தனியுரிமை மென்பொருள். விண்டோஸ் இதற்கு எடுத்துக்காட்டு. மூல நிரலையும் கொடுத்து, படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது திறமூல மென்பொருள். விலை இங்கு அளவுகோல் அன்று. விலையில்லாத தனியுரிமை மென்பொருளும் உண்டு. திறமூல மென்பொருளைக் கொண்டு வாணிகம் செய்யும் நிறுவனங்களும் உண்டு.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'குனூ' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21-ஆம் வயதில் 'லினக்ஸ்' கருநிரலை வெளியிட்டார். உலகெங்கிலும் பலர் அதைத் திருத்தி வளர்த்தனர். 2017 நவம்பரில் வெளிவந்த பட்டியலில், உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் 500-உம் லினக்ஸிலேயே இயங்கின. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருநிரலே.

மூடிய பெட்டியின் ஆபத்து

2015-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் ஒரு மோசடி வெளிப்பட்டது. கார் சோதனைக் கூடத்தில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதை அதிலிருந்த மென்பொருள் கண்டுகொள்ளும். சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும். சாலையிலோ நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை வெளியேறின. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இம்மென்பொருள் இருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளைக் காரில் ஏற்றி, சாலையில் ஓட்டி அளந்ததால்தான் ஐயம் எழுந்தது. நிரலின் வரிகளைப் படிக்க வழியில்லாதபோது, அளவீடு ஒன்றே துணை.

திறந்திருந்தால் போதுமா?

போதாது. இணையத்தில் கடவுச்சொற்களைக் காக்கும் 'ஓபன் எஸ்எஸ்எல்' ஒரு திறமூல மென்பொருள். 2012 மார்ச்சில் வெளிவந்த அதன் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. எவரும் படிக்கக்கூடிய நிரல்தான். ஆயினும் பிழை வெளிவந்தது 2014 ஏப்ரலில். 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட அப்பிழையால் கணிப்பொறியின் நினைவகத்திலுள்ள இரகசியங்களைப் பிறர் எடுக்க முடிந்தது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே சென்று பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? எனினும் பிழை அறிவிக்கப்பட்ட அன்றே திருத்திய பதிப்பும் வெளிவந்தது. திருத்தம் என்ன என்பதை யாரும் வரிவரியாகச் சரிபார்க்க முடிந்தது.

தனியுரிமை மென்பொருள் யாவும் பழுதானவை அல்ல. திறமூல மென்பொருள் யாவும் சிறந்தவையும் அல்ல. ஆனால் விடையை மட்டும் எழுதி வழிமுறையை மறைத்த விடைத்தாளுக்கு நாம் முழு மதிப்பெண் அளிப்பதில்லை. ஒருவர் கண்டதைப் பிறரும் செய்து பார்க்க வேண்டும் என்பதே அறிவியலின் நெறி. திறமூல மென்பொருள் அதற்கு இடம் தருகிறது.

செய்து பாருங்கள்

முதலில் கண்ட இரண்டாம் நிரல் மூடிய பெட்டி என்று கொள்வோம். நீளம் 10,000 மீட்டர், அலைவு நேரம் 2 வினாடி எனக் கொடுக்கிறோம். விடை 98,596 என்று வருகிறது. இதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். பெட்டிக்குள் ஒளிந்திருப்பது தெரிகிறதா?