தோல் காயாத தப்பு

நம்பிக்கை: “டிவி கேம் சத்தந்தானே, இதுல நல்லது கெட்டது என்ன இருக்கு?”

இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவில் அக்கா மகன் தன் முதல் சிப்டியூனை, அதாவது பழைய டிவி கேம் சிப்பின் ஒலிகளால் கட்டிய பாட்டை, போட்டுக் காட்டிய அன்று வீட்டில் விழுந்த முதல் வார்த்தை இது. சின்ன வயதில் நாங்கள் விளையாடிய டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அதன் சிப்பில் இருப்பவை ஐந்தே தடங்கள்: பல்ஸ் அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிந்து வைத்த ஒலித்துண்டுக்கு ஒன்று. பாட்டு முழுவதையும் இதற்குள் கட்டியாக வேண்டும். ஐந்து பேர் மட்டுமே உள்ள செட்டில் யார் எப்போது சும்மா இருப்பது என்பதே பாதி வேலை.

நம்பிக்கை: குறை சொல்ல இசை ஞானம் இருந்தால் போதும்.

போதாது. நானே மாட்டிக்கொண்டேன். “பேஸ் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சா நல்லாருக்கும்” என்றேன். பையன் சிரித்துவிட்டான். “முக்கோணத்துக்கு வால்யூமே இல்ல மாமா. ஒன்னு ஒலிக்கும், இல்லாட்டி நிக்கும்.” அங்கே சொல்ல வேண்டியது வேறு: சுரத்தைச் சீக்கிரம் நிறுத்து, நடுவில் மூச்சு விடு. “கார்டு (chord) சேர்” என்பதும் அப்படித்தான். ஒரு தடத்தில் ஒரு நேரத்துக்கு ஒரே சுரம். மூன்று சுரங்களை விநாடிக்கு 60 மாற்றம் என்ற வேகத்தில் சுழற்றித்தான் காதை ஏமாற்றுகிறார்கள். அந்தக் குறுகுறுப்பைப் பிழை என்று நினைத்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

நம்பிக்கை: புதியவனுக்கு “சூப்பர்” என்றால் போதும்.

“சூப்பரை” வைத்துக்கொண்டு எதைத் திருத்துவான்? ஃபேமிட்ராக்கர் மென்பொருளில் சுரங்கள் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. எந்த வரியில் காது தடுக்கியது என்று சொன்னால் விரல் நேரே அங்கே போகும்.

அவன் எடுத்திருந்தது மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கும் தப்படி. முழுத் தப்பையும் இரைச்சல் தடத்திலேயே செய்திருந்தான். லயத்துத் தகரத்தில் மழை கொட்டுவது போலிருந்தது. மெட்டு அதற்குள் நனைந்து போயிற்று. “என்ன கேக்கணும்னு நெனச்ச?” என்றேன். “‘தும்’முனு ஒன்னு, ‘சடக்’குனு ஒன்னு.” அப்படியானால் ‘சடக்’ மட்டும் இரைச்சலில் இருக்கட்டும், ‘தும்’மை முக்கோண அலைக்குக் கொடுத்துப் பார் என்றேன்: மேலே தொடங்கிச் சட்டென்று கீழே சரிய வேண்டும். அதற்கு விலையும் உண்டு. அந்தக் கணத்தில் பேஸ் இருக்காது.

மறுநாள் தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவர் ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தே கேட்டார்.

“அடி சரிதாண்டா. தோலுதான் இன்னும் காயல.”

எங்கள் ஊர் ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் விறைத்துக் குரல் ஏறும். பையன் மடிக்கணினியைத் திறந்து, ‘தும்’ தொடங்கும் சுரத்தை நாலு படி ஏற்றினான்.