கசப்பான செய்தியைச் சொல்வது எப்படி?
(ஊக்குநர், பிரதிநிதிகளுக்கான பயிற்சிப் பாடம்)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாக ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று முதல் கணக்கு எழுத, வங்கிக்குப் போக, கூட்டத்தில் பேச எல்லாம் கற்றுக்கொண்டோம். ஆனால் ஒரு வேலை மட்டும் நமக்கு இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது. அது, உறுப்பினர்களிடம் கசப்பான செய்தியைச் சொல்வது.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். 31.3.2021 அன்று கூட்டுறவு நிறுவனங்களில் நிலுவையில் இருந்த மகளிர் குழுக் கடன் 2,756 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்படும் என்று அரசு அறிவித்தது. வணிக வங்கிகளில் வாங்கிய கடனுக்கு அது பொருந்தாது. ஆனால் ஊரில், "குழுக் கடன் எல்லாம் தள்ளுபடியாம்" என்று பேச்சு பரவினால் என்ன ஆகும்?

வணிக வங்கியில் கடன் வாங்கிய ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் கேட்கிறார்கள்: "அக்கா, நம்ம கடனும் தள்ளுபடிதானே?" இல்லை என்று ஊக்குநருக்குத் தெரியும். மனசு கேட்காமல், "பார்க்கலாம், கேட்டுச் சொல்றேன்" என்கிறார். அடுத்த மாதம் பாதிப் பேர் தவணை கட்டவில்லை. கடன் குழுவின் பேரில் இருப்பதால் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் கெட்ட பெயர். வட்டி ஏறுகிறது. அடுத்த கடனும் தள்ளிப் போகிறது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று எல்லோரும் ஊக்குநரைத்தான் கேட்கிறார்கள்.

எப்படிச் சொல்லலாம்?

1. வங்கியில் விசாரித்து உறுதி செய்த உடனே கூட்டம் போடுங்கள். டீக்கடைப் பேச்சு முந்திக்கொள்ளக் கூடாது.

2. முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: "நம்ம கடன் தள்ளுபடி ஆகலை. தவணை கட்டணும்."

3. காரணத்தைப் பாஸ்புக்கை வைத்துக் காட்டுங்கள். எந்த வங்கி, எவ்வளவு பாக்கி என்று எல்லோரும் பார்க்கட்டும்.

4. கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். "பக்கத்துக் குழுவுக்குக் கிடைச்சுதே, நமக்கு மட்டும் ஏன் இல்லை?" என்பது நியாயமான வருத்தம். குறுக்கே பேச வேண்டாம்.

5. உங்கள் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். உதாரணமாக, "முடியாதவங்களுக்கு அவகாசம் கிடைக்குமான்னு மேனேஜரைப் பார்த்துக் கேட்போம். இரண்டு பேர் என்கூட வாங்க."

6. தவணை கட்ட முடியாதவர் இருந்தால் கூட்டத்தில் பேர் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுங்கள்.

7. முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

கடன் மனு திரும்பி வந்தாலும், கூட்டமைப்பில் சம்பளத்துக்கு இருக்கும் கணக்காளரை நிறுத்த வேண்டி வந்தாலும் இதே முறைதான். வேலை போகும் செய்தியை மட்டும் முதலில் அவரிடமே தனியாகச் சொல்லுங்கள். அவர் அதை மற்றவர் வாயால் கேட்கக் கூடாது.

"பார்க்கலாம்" என்று சொல்வது இரக்கம் போலத் தெரியும். அதை நம்பிக் காத்திருப்பவருக்குத்தான் நஷ்டம்.

குழுவில் பேச: சொல்லத் தயங்கி நாம் தள்ளிப்போட்ட செய்தி ஏதாவது இருக்கிறதா? அதை யார், எப்போது சொல்லப் போகிறோம்?