கூலர் பராமரிப்பு: கோடைக்கு முன் ஒரு மாலைப்பொழுது

இடமாற்ற ஆணையைக் கையில் வாங்கும் வங்கி ஊழியர் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும்தான். நாக்பூருக்கு மாற்றலானபோது நானும் அவ்வாறே விசாரித்தேன். கூலரைப் பற்றி எவரும் சொல்லவில்லை. ஏப்ரல் பிறந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு சன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியின்மேல் ஒரு தகரப் பெட்டி ஏறி அமர்வதைக் கண்டேன். மே மாதம் 44, 45 டிகிரி வெயிலை முதன்முறை அனுபவித்த பிறகு நாங்களும் ஒன்று வாங்கினோம். வாங்கிய அன்றே அதைத் தவறாகப் பயன்படுத்தத் தொடங்கினோம்.

தவறு இதுதான். ஏ.சி. பழக்கத்தில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுக் கூலரை ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில் அறை சென்னையின் ஆகஸ்டு மாதத்தைப் போலப் புழுங்கியது. பழுதுபார்ப்பவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்துவிட்டுச் சென்றார்.

கூலர் குளிரை உண்டாக்குவதில்லை, நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இருநூறு வாட்டுக்குள் ஓடும் ஒரு பெட்டி பெரிய கூடத்தையே குளிர்விப்பது இதனால்தான். ஆனால் ஈரம் ஏறிய காற்று வெளியேற வழி வேண்டும். காற்றின் வெப்பம் 44 டிகிரி, ஈரப்பதம் 15 விழுக்காடு என்றால் ஆவியாதலால் எட்டக்கூடிய எல்லை சுமார் 23 டிகிரி. நல்ல நிலையிலுள்ள கூலர் 28 டிகிரிக் காற்றைத் தந்துவிடும். சென்னையில் 38 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளிலோ அந்த எல்லையே 31 டிகிரி. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது கூலரையும் எடுத்துச் செல்லலாமா என்று என் மனைவி கேட்டதற்கு இந்தக் கணக்கே விடை.

இதே வேலையைக் குளிர்நாடுகளில் வேறு காரணத்துக்காகச் செய்கிறார்கள். கனடாவில் வாழும் என் தமக்கையின் வீட்டில், நிலவறையிலுள்ள பர்னஸ் குளிர்காலத்தில் வீடு முழுவதும் வெப்பக் காற்றை அனுப்புகிறது. அந்தக் காற்று வறண்டு தோல் வெடிக்காதிருக்க, அதன் குழாயோடு ஓர் ஈரமூட்டியை இணைத்திருக்கிறார்கள். அதற்குள்ளும் நீர் வழியும் ஓர் அட்டைதான் இருக்கிறது. ஆண்டுதோறும் அதை மாற்றாவிட்டால் வெள்ளை உப்புப் படிந்து கல்லாகிவிடுகிறது என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் என் கூலரின் அட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூலரின் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்புகள் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. வணிகவியல் படித்தவனுக்கு இது எளிய கணக்கு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை நாளொன்றுக்கு 60 லிட்டர் ஆவியாக்கினால், ஒரு நாளில் 30 கிராம் உப்பு சேரும். நூறு நாள் கோடையில் 3 கிலோ! தொட்டியின் கொள்ளளவும் 60 லிட்டர் என்று கொண்டால், நீரை மாற்றாமல் மேலே மேலே நிரப்பிவரும் வீட்டில் ஒரு வாரத்தில் தொட்டி நீரின் உப்பு எட்டு மடங்காகிவிடும். கூட்டு வட்டி அன்று, தனி வட்டிதான். ஆயினும் தவணை தவறினால் கடன் நிற்குமிடம் தெரியும்.

அந்தக் கடன் முதலில் தெரிவது அட்டையில். நீர் ஒரே சீராக வழியாமல் கோடுகோடாக வழிகிறது. இடையிலுள்ள உலர்ந்த பட்டைகள் வழியே அனல் காற்று அப்படியே உள்ளே வருகிறது. "கூலர் முன்போல் குளிர்விப்பதில்லை" என்று முறையிடுவோர் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் பக்கவாட்டுத் தட்டியைக் கழற்றி இதைப் பார்க்க வேண்டும். மேலே நீரைப் பங்கிடும் குழாயின் துளைகள் அடைபட்டிருந்தாலும் இதே விளைவுதான். ஓர் ஊசியால் குத்திவிட்டால் சரியாகும்.

வாரம் ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்துப் புதுநீர் நிரப்புவதே சிறந்த மருந்து. படிந்துவிட்ட உப்புக்கு, கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வாளி நீருக்கு ஒரு கைப்பிடி கரைத்து ஊறவைத்துக் கழுவலாம். தேன்கூடு போன்ற பழுப்பு அட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எழும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். இங்கு ‘காஸ்’, அதாவது புல், என்று அழைக்கப்படும் தட்டி உண்மையில் மரச்சீவல். விலை மலிவு, ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடலாம். சில வீடுகளில் கஸ் தட்டி வைக்கிறார்கள். கஸ் என்பது நம் வெட்டிவேர்தான்! முதல் நாள் அதன் மணம் ஊரை நினைவூட்டும்.

துர்நாற்றம் வீசினால், இரவில் கூலரை நிறுத்துவதற்கு அரை மணி முன்னதாகப் பம்பை மட்டும் அணைத்து, விசிறியை ஓடவிட்டுத் தட்டியை உலர்த்துங்கள். பம்ப் ஓடியும் நீர் ஏறவில்லையென்றால் அதன் வடிகட்டியில் குப்பை அடைத்திருக்கும். அந்தச் சிறு பம்பைக் குளிர்விப்பது சுற்றியுள்ள நீரே. வறண்ட தொட்டியில் ஓடினால் எரிந்துபோகும். விசிறி உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். அதே அளவுள்ளதை மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் பணச்செலவு. நான் எழுத முற்பட்டது வேறொன்றுக்காக.

இங்கு வந்த மூன்றாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இளம்பெண் கிளைக்கு வந்தார். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் அவருடைய கணவர் சேர்ந்திருந்தார். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் அனைத்தையும் ஒரு நெகிழிப் பையில் கொண்டுவந்திருந்தார். அறிக்கையைப் படித்தேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஓடிக்கொண்டிருந்த கூலருக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறார். மற்றொரு கை பெட்டியின்மேல் இருந்திருக்கிறது. வயது 34.

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அன்று மாலை வீடு திரும்பியதும் எங்கள் கூலரின் மின்கம்பியைப் பின்தொடர்ந்தேன். அது சென்று சேர்ந்த நீட்டிப்புப் பலகையில் மூன்றாம் துளையே இல்லை. பொருத்தியவர் மூன்று முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முள் பிளக்கைக் கட்டியிருந்தார். மூன்று கோடைகள் அந்தத் தகரப் பெட்டிக்கு எர்த் இணைப்பு இல்லை. என் மகள் நாள்தோறும் அதன் எதிரில் அமர்ந்து பாடம் படித்தாள். நீர் நிரப்பியது பெரும்பாலும் நான்.

பம்பின் கம்பி ஆண்டு முழுவதும் நீரிலும் உப்பிலும் ஊறுகிறது. அதன் உறையில் விழும் ஒரு வெடிப்பு, நீர் வழியாகப் பெட்டி முழுவதற்கும் மின்சாரத்தைக் கடத்திவிடும். எர்த் இணைப்பு இருந்தால் அந்த மின்சாரம் நிலத்துக்குச் செல்லும். இல்லையெனில் தொடுபவரின் உடல் வழியே செல்லும். ஆகவே மூன்று முள் பிளக்கும், உண்மையிலேயே நிலத்தோடு இணைந்த சாக்கெட்டும் கட்டாயம். மூன்றாம் துளை இருப்பதனாலேயே அதன் பின்னால் எர்த் கம்பி இருப்பதாக நம்பிவிடக் கூடாது. மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். கசிவு ஏற்பட்ட நொடியிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. விலை 2,000 ரூபாய் அளவில் இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நீர் நிரப்பும்போதும் துடைக்கும்போதும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும். பெட்டியைத் தொட்டதும் விரலில் லேசாகச் சுருக்கென்றால் "பழைய கூலர் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே நிறுத்திவிடுங்கள். நெகிழி உடலுள்ள கூலர் ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் அதன் நீரும் மோட்டாரும் மின்சாரத்தைக் கடத்தவே செய்யும்.

ஜூன் இறுதியில் பருவமழை வந்ததும் கூலரின் பயன் முடிகிறது. காற்றே ஈரமாக இருக்கையில் பம்பை ஓட்டுவது வீண். அப்போதுதான் தொட்டியில் மிஞ்சிய நீரை மறந்துவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையிடுகிறது. நீர் பட்டால் முட்டை ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். தில்லியில் மாநகராட்சிப் பணியாளர்கள் வீட்டுக் கூலர்களைத் திறந்து பார்த்து, புழு இருந்தால் நோட்டீஸ் கொடுப்பது இதனால்தான். வாரந்தோறும் வடிக்கச் சொன்னதற்கு உப்பு ஒரு காரணம், இது மற்றொரு காரணம். வடித்தால் மட்டும் போதாது; தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பெட்டியைக் காயவைத்துச் சாக்குப் போட்டு மூடும் நாளில் இந்தத் தேய்ப்பு இன்னும் முக்கியம். அந்த முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அடுத்த மார்ச்சில் நாம் ஊற்றும் முதல் வாளித் தண்ணீரில் அவை பொரியக்கூடும்.