பிள்ளையிடம் உள்ளதைச் சொல்க

"அப்பா பர்மாவுக்குப் போயிருக்கிறார்" என்பது செட்டிநாட்டில் ஒரு காலத்தில் பல வீடுகளில் கேட்ட சொல். தொழிலுக்காகக் கப்பலேறிய நகரத்தார் மூன்று ஆண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்புவார்கள். பெண்டு பிள்ளைகள் இங்கே காத்திருப்பார்கள். சொன்ன சொல் உண்மையாக இருந்ததால் காத்திருப்புக்கும் முடிவு இருந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர் மணிப்பூர், அசாம் வழியாக நடந்தே திரும்பினர். பலர் வழியிலேயே மாண்டனர். சேதி வராத வீட்டில் காத்திருப்பு முடியவே இல்லை.

இன்றும் காரைக்குடிப் பக்கத்துத் தகப்பன்மார் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், தெற்கேயிருந்து வந்து கடை வைத்திருக்கும் ஓர் அன்புக்கொடி குடும்பத்தில் தகப்பன் இறந்துவிட்டதாக எண்ணிப் பார்ப்போம். ஆறு வயது மகனிடம், "அப்பா வெளியூர் போயிருக்காங்க" என்று பெரியவர்கள் இரக்கத்தால் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அப்பா பெட்டியோடு வந்து இறங்குகிறார். தன் அப்பா மட்டும் ஏன் வரவில்லை? தான் செய்த குறும்புதான் காரணமோ என்று பிள்ளை தனக்குள்ளேயே மறுகும்.

திருச்செந்தூர்க் கடற்கரையை நினைப்போம். கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள் அய்யா கடலிலிருந்து வெளிப்பட்டபோது, அழுது காத்திருந்த தாய் வெயிலாள் மகனைக் கண்டேன் என்று ஓடி வந்தாள். அய்யா அவளிடம் எதையும் ஒளிக்கவில்லை. தாம் இனி நாராயணருக்கு மகன் என்று அங்கேயே எடுத்துரைத்தார். அழுகிறவரிடம் உண்மையைச் சொல்வதும் அன்புதான் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

ஆகவே தாய் பிள்ளையை மடியில் வைத்து, "மக்கா, அப்பா இறந்துட்டாங்க. இனி வரமாட்டாங்க. அது உன்னால இல்ல. அம்மா உன்கூட இருக்கேன்" என்று சொல்லட்டும். "தூங்குகிறார்" என்றும் சொல்ல வேண்டாம். பிள்ளை தூங்கவே அஞ்சும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சாவு திரும்பாத ஒன்று என்பது எளிதில் விளங்காது. பத்து முறை கேட்டால் பத்து முறையும் அதே பதிலைப் பொறுமையோடு சொல்ல வேண்டும். சற்று முன் அழுத பிள்ளை உடனே விளையாடப் போனால், துக்கம் இல்லை என்று பொருளல்ல. பிள்ளைகள் துக்கத்தைச் சிறுகச் சிறுகத்தான் தாங்குவார்கள்.

துக்க வீட்டில் பிள்ளையை ஒதுக்கியும் வைக்க வேண்டாம். அது விரும்பினால் அடக்கத்தின்போது நம்பிக்கையான ஒருவர் கைபிடித்து நிற்கட்டும். பிறகு நிழல் தாங்கலில் உகப்படிப்புக்கு அழைத்து வந்து, விளக்கேற்றவோ தர்மத்துக்கு இலை போடவோ ஒரு சிறு பணிவிடை கொடுக்கலாம். பள்ளி, சாப்பாடு, உறக்கம் ஆகியவை பழைய நேரப்படியே நடக்கட்டும்.

சாவு மட்டுமல்ல, வீடு மாறுவதும் பிள்ளைக்கு இழப்புதான். சிறுகூடல்பட்டியில் 1927-இல் முத்தையாவாகப் பிறந்த கவிஞர் கண்ணதாசன், சிறு வயதில் சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனார். வீட்டோடு பெயரும் மாறியது. தாத்தா வீட்டுக்கோ விடுதிக்கோ அனுப்பப்படும் பிள்ளையிடமும் முன்கூட்டியே காரணத்தைச் சொல்ல வேண்டும். யார் கூட்டிப்போவார், எப்போது அம்மாவைப் பார்க்கலாம் என்பதையும் சொல்லி, சொன்ன நாளில் தவறாமல் போக வேண்டும்.

வாரக்கணக்கில் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பள்ளிக்குப் போக மறுத்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். அது அய்யாவை நம்பாத செயலாகாது.

தர்ம யுகத்தை நம்பிக் காத்திருப்பவர்கள் அய்யா மக்கள். வராத ஒருவருக்காகப் பிள்ளையை வாசலில் காக்க வைக்கலாகாது.

அய்யா உண்டு.