லிப்டன் சுற்றுவட்டம்: பெயர் வந்த கதை



கண்பார்வை மங்கினால் நம்மவர்களில் சிலரைக் கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி அனுப்புகிறார்கள். போய் வந்தவர்கள் அதன் முன்னால் உள்ள பெரிய சுற்றுவட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். "லிப்டன் சுற்றுவட்டத்தில் ஆர்ப்பாட்டம்" என்று பத்திரிகையில் அடிக்கடி வருமே, அந்த இடந்தான்.

அதற்கு இரண்டு பெயர். அரசாங்கப் பெயர் டி சொய்சா சுற்றுவட்டம். அங்கே சிலையாக நிற்பவர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா. 1836இல் பிறந்தவர். இவருடைய தகப்பனார் ஜெரோனிஸ் கோப்பித் தோட்டங்களால் பெரும் பணக்காரர் ஆனவர். தேயிலைக்கு முந்திய அந்தக் கோப்பிக் காலத்திலேயே நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து, மன்னார்ப் பக்கமிருந்து காடுகளுக்குள்ளால் நடந்து மலைநாட்டுக்கு ஏறினார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். மகன் சொய்சா நிறையத் தருமம் செய்தவர், அதையும் சொல்லத்தான் வேணும். 1879இல் திறந்த பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி அவர் கொடுத்தது. இன்றைக்கும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

அவர் 1890இல் காலமானார். அதே வருஷந்தான் ஸ்கொட்லாந்துக்காரரான தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்தார். கோப்பியை இலைநோய் அழித்துவிட்டதால் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. அப்புத்தளைக்கு மேலே தம்பத்தென்னை உட்பட பல தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு பக்கற்றுகளில் அடைத்து, சீமையில் சாதாரண சனமும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார். சுற்றுவட்டத்தின் மற்றப் பெயர் இவருடையது.

ஆக, ஒன்று கோப்பிக் காசு, மற்றது தேயிலைக் காசு. இரண்டுக்கும் மலையில் உழைத்தவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் பெயரில் அங்கே ஒரு கல்லும் இல்லை.

பக்கத்தில் உள்ள பழைய செங்கல் கட்டிடம் விக்டோரியா மகாராணியின் ஞாபகமாக 1903இல் அடிக்கல் வைத்து, 1906இல் கண் ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்டது. இப்போதைய ஆஸ்பத்திரி அதற்கு அருகில் பெரிய மாடிக் கட்டிடமாக இருக்கிறது.

முதல் தடவை போகிறவர்கள் கவனியுங்கள். வாகனங்கள் வட்டத்தைச் சுற்றி உங்கள் வலப்பக்கமிருந்துதான் வரும். கண்ணில் கட்டுப் போட்டவரைத் தனியாக வீதி கடக்க விடாதீர்கள். பஸ்ஸில் கொண்டக்டரிடம் "டி சொய்சா சுற்றுவட்டம்" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "லிப்டன், கண் ஆஸ்பத்திரி" என்று சொல்லுங்கள், சரியாக இறக்கிவிடுவார்.